பழைய ரோஜாக்களை இனம்காணும் முறை: பூவைக் கடைசியில் பாருங்கள்

பழைய பங்களாத் தோட்டத்திலோ கல்லறைத் தோட்டத்து மதிலோரத்திலோ பெயர் தெரியாத ரோஜா ஒன்று கண்ணில் பட்டால், உடனே பூவைப் படம் எடுத்து அதே நிறத்தில் இன்னொரு படத்தைத் தேடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. இளஞ்சிவப்பு அடுக்கு ரோஜாக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்த வழியில் சரியான பெயர் கிடைப்பது அபூர்வம். பூவின் நிறம் வெயிலைப் பொறுத்தும் பூவின் வயதைப் பொறுத்தும் மாறும். இதழ்களின் எண்ணிக்கை பருவத்துக்குப் பருவம் கூடும், குறையும். முள், இலை, இலையடிச் செதில், பூக்காம்பு, புல்லி இதழ், காய் ஆகியவை அப்படி எளிதில் மாறுவதில்லை. இவற்றைக் கொண்டு முதலில் செடி எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். தனிப்பெயரைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

எது பழைய ரோஜா என்பதற்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. பிரான்சில் 1867-இல் வெளிவந்த 'லா பிரான்ஸ்' நவீன ரோஜா வகுப்பான ஹைப்ரிட் டீயில் முதலாவதாகக் கருதப்படுகிறது. அந்த ஆண்டுக்கு முன்பே இருந்த வகுப்புகள் எல்லாம் பழைய ரோஜா என்பது அமெரிக்க ரோஜா சங்கத்தின் வரையறை. கணக்கில் வருவது வகுப்பின் வயதுதான், அந்தச் செடியின் வயது அல்ல. அதனால்தான் 1910-இல் வந்த 'லேடி ஹில்லிங்டன்' டீ வகுப்பைச் சேர்ந்தது என்பதால் பழைய ரோஜா ஆகிறது.

முதலில் கழிக்க வேண்டியவை

தண்டு மண்ணைத் தொடும் இடத்தை விரலால் கிளறிப் பாருங்கள். முடிச்சு விழுந்தாற்போல் தடித்த பகுதி இருந்தால் அது ஒட்டுச்செடி. நீங்கள் பார்க்கும் கிளை ஒட்டுக்கு மேலே கிளம்புகிறதா, கீழேயா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கவனிப்பாரற்ற தோட்டங்களில் ஒட்டு வைத்த ரோஜா செத்துப்போய், அடியிலிருந்த வேர்ச்செடி மட்டும் தழைத்துப் பூப்பது மிகச் சாதாரணம். அமெரிக்காவில் இப்படிக் கிடைக்கும் கருஞ்சிவப்பு ரோஜாக்களில் ஏராளமானவை 'டாக்டர் ஹியூய்' என்ற வேர்ச்செடிதான். இந்தியாவில் மல்டிஃப்ளோராவும் எட்வர்ட் ரோஜாவும் வேர்ச்செடியாகப் பயன்பட்டிருக்கின்றன. மல்டிஃப்ளோராவைக் கண்டுபிடிப்பது எளிது. இலைக்காம்பின் அடியில் இருபுறமும் ஒட்டியிருக்கும் செதிலின் ஓரம் சீப்புப் பல்லாகப் பிரிந்து நிற்கும். பூ 2 செ.மீ. அளவில், வெள்ளையாக, பெருங்கொத்தாக வரும்.

அடுத்தது நிறம். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சிவப்பு என்றால் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். அந்த நிறம் கலப்பினத் தோட்ட ரோஜாக்களில் 20-ஆம் நூற்றாண்டில் வந்தது. அடர் மஞ்சளும் ஏறக்குறைய அப்படித்தான். பாரசீக மஞ்சள் ரோஜாவை வைத்துப் பிரெஞ்சு ரோஜா வளர்ப்பாளர் பெர்னே-டூஷே உருவாக்கிய 'சொலேய் தோர்' 1900-இல் வந்த பிறகே தோட்ட ரோஜாக்களில் அந்த மஞ்சள் பரவியது. டீ, நாய்செட் வகுப்புகளில் வெளிர் மஞ்சளும் சந்தன நிறமும் பழையவையே, 1864-இன் 'மரேஷால் நீல்' அதற்குச் சாட்சி.

இங்கிலாந்து ரோஜா வளர்ப்பாளர் டேவிட் ஆஸ்டினின் ஆங்கில ரோஜாக்கள்தான் உண்மையில் ஏமாற்றுபவை. பழைய பூவின் வடிவத்தை வேண்டுமென்றே மீட்டெடுத்த புதிய ரோஜாக்கள் அவை. வரிசையில் முதலாவதான 'கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை' வந்ததே 1961-இல். தட்டையாக, நான்கு பகுதியாகப் பிரிந்து, நெருக்கமாக இதழ் அடுக்கிய பூ முட்டைக்கரு மஞ்சளிலோ அடர் ஆப்ரிகாட்டிலோ இருந்தால், இலை பளபளப்பாக, பெரிய முட்கள் ஆங்காங்கே மட்டும் இருந்தால், அது பழையதல்ல. சோம்பு வாசனை அடித்தாலும் சந்தேகப்படுங்கள். அந்த வரிசையில் பலவற்றுக்கு அந்த மணம் உண்டு.

செடியைப் படிப்பது

கையில் ஒரு 10 மடங்கு லென்ஸ், ஒரு அளவுகோல், ஒரு வெள்ளைத் தாள் போதும். காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் போங்கள். பூவின் மணம் அப்போதுதான் முழுமையாக இருக்கும். உச்சிவெயிலில் எடுத்த படத்தில் நிறம் வெளிறிவிடும், ஊதாவும் கருஞ்சிவப்பும் பல கேமராக்களில் வேறு நிறமாகவே பதியும். நிழலில், வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்து எடுங்கள்.

இந்த ஆண்டு விட்ட தண்டு ஒன்றையும் முதிர்ந்த தண்டு ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். முள் வளைந்ததா நேரானதா, அடி அகலமானதா, எல்லாம் ஒரே அளவா, பெரிய முட்களுக்கிடையே ஊசி போன்ற நுண்முட்கள் கலந்திருக்கின்றனவா? பெருவிரலை மேலிருந்து கீழாக மெல்ல ஓட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பிய, நுனியில் பிசின் சுரக்கும் சுரப்பி முடிகூடச் சொரசொரப்பாகத் தெரியும்.

இலையில் சிற்றிலைகளை எண்ணுங்கள். ஒரே இலையை நம்ப வேண்டாம், பூவுக்குச் சற்றுக் கீழே உள்ள இலைகளில் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். தண்டின் நடுப்பகுதியில் 10 இலைகளைப் பாருங்கள். 3, 5, 7 என்று எது மிகுதி என்று குறித்துக்கொள்ளுங்கள். மேற்புறம் பளபளப்பா, மங்கலா, அடிப்புறம் மென்மயிர் உண்டா, ஓரப்பல் கூரா மழுங்கலா என்பதையும் எழுதுங்கள். இலையடிச் செதில் பெரும்பாலான ரோஜாக்களில் காம்போடு ஒட்டியிருக்கும். அது ஒட்டாமல் மெல்லிய நூலாகத் தனித்து நின்று சீக்கிரமே உதிர்ந்துவிட்டால், அது பேங்ஸியா ரோஜாவாகவோ அதன் உறவாகவோ இருக்கும்.

பிறகு மொட்டைக் கவிழ்த்துப் புல்லி இதழ்களைப் பாருங்கள். ஐந்தும் ஒன்றுபோல் இருக்காது. இரண்டுக்கு இரு ஓரத்திலும் சிறு இறகுப் பிரிவுகள் இருக்கும், இரண்டுக்கு எந்த ஓரத்திலும் இருக்காது, ஒன்றுக்கு ஒரே ஓரத்தில் மட்டும். மொட்டில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருக்கும் வரிசையே இதற்குக் காரணம். வெளியே திறந்திருக்கும் ஓரம் மட்டும்தான் இறகு விடுகிறது. ஆகவே 'புல்லி இதழ் இறகாகப் பிரிந்தது' என்று எழுதுமுன் ஐந்தையும் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்து எழுதிய குறிப்பால் பயனில்லை. சைனா ரோஜாக்களில் ஐந்துமே ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். டமாஸ்க்கிலும் சென்டிஃபோலியாவிலும் இறகுகள் நீளமாக, மொட்டு நுனியைத் தாண்டி நிற்கும்.

ஒற்றை அடுக்குப் பூவானால் நடுவில் சூல்தண்டுகளைப் பாருங்கள். தனித்தனியாகக் குவிந்திருக்கின்றனவா, ஒட்டி ஒரே தூணாக நீண்டு நிற்கின்றனவா? தூணாக நின்றால் மஸ்க் ரோஜா, மல்டிஃப்ளோரா ஆகியவை இருக்கும் கொடி ரோஜாப் பிரிவு. நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காட்டு ஓரங்களில் தானே படரும் லெஷனால்ட் ரோஜாவும் இந்தப் பிரிவுதான். மலைத் தோட்டத்து வேலியில் ஐந்து இதழ் வெள்ளைப் பூவோடு கொடி படர்ந்திருந்தால், அதற்கு ஐரோப்பியப் பெயர் தேடுமுன் இதை நினைவில் வையுங்கள். இதன் பூ மல்டிஃப்ளோராவின் பூவைவிடப் பெரியது.

ஆண்டுக்கு ஒருமுறையா, திரும்பத் திரும்பவா

வகுப்புகளைப் பிரிக்கும் பெரிய கோடு இது. இதை ஒரே நாளில் சொல்லிவிட முடியாது, 12 மாதம் குறிப்பு எடுக்க வேண்டும். ஒருமுறை மட்டும் பூக்கும் ரோஜாக்கள் சென்ற ஆண்டுத் தண்டில்தான் மொட்டு விடும். வழக்கமான கவாத்தில் அந்தத் தண்டையெல்லாம் வெட்டிவிட்டால் அந்த ஆண்டு பூவே வராது. 'பூக்காத செடி' என்று பிடுங்கி எறியப்பட்ட பழைய ரோஜாக்கள் பல இப்படிப் போனவைதான். இனம்காண நினைக்கும் செடியை ஓராண்டு வெட்டாமல் விடுங்கள்.

பெரும்பாலும் ஒருமுறை மட்டும் பூக்கும் ஐந்து வகுப்புகள் கேலிகா, டமாஸ்க், ஆல்பா, சென்டிஃபோலியா, மாஸ். இவற்றுக்குக் குளிர்காலத்தில் நல்ல குளிர் வேண்டும். டமாஸ்க்கில் சில வெப்பத்தைத் தாங்கினாலும், தமிழகச் சமவெளியில் செழித்து வளரும் செடியை யாராவது ஆல்பா என்றோ சென்டிஃபோலியா என்றோ சொன்னால் பெயர் தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கேலிகா இடுப்பளவு நிமிர்ந்து வளரும், சொந்த வேரில் நின்றால் பக்கக் கன்றுகளாகப் பரவும். தண்டில் நுண்முட்களும் சுரப்பி முடியும் நிறைய, வளைந்த பெரிய முள் அரிது. இலை கருமை கலந்த மங்கிய பச்சை, தடித்து, சொரசொரப்பாக இருக்கும். பூ மேல்நோக்கி நிற்கும். இளஞ்சிவப்பு முதல் கரு ஊதா வரை நிறம் உண்டு, மஞ்சள் இல்லை. 'ரோசா முண்டி'யின் வரிப்பூ, 'அஃபிஷினாலிஸ்' ரோஜாவின் திடீர் மாற்றத்தில் பிறந்தது. அதனால் வரியில்லாத பூவோடு ஒரு கிளை அதில் அவ்வப்போது வரும். அந்தக் கிளையை மட்டும் பார்த்து இரண்டு செடி என்று எழுதிவிடக் கூடாது.

ஆல்பாவைத் தூரத்திலிருந்தே சொல்லலாம். சாம்பல் நீலம் படர்ந்த இலை, 2 மீட்டர் உயரம், முள் குறைவு. பூ வெள்ளையிலிருந்து இளஞ்சிவப்பு வரை மட்டுமே. கருஞ்சிவப்பு ஆல்பா கிடையாது. டமாஸ்க் வெளிர்பச்சை இலையின் அடிப்புறத்தில் மென்மயிரோடு இருக்கும், தண்டில் வளைமுள்ளும் நுண்முள்ளும் கலந்திருக்கும், பூக்காம்பு மெலிந்து முடி நிறைந்திருக்கும். காய் ஒடுங்கி நீண்டிருப்பது நல்ல அடையாளம், கேலிகாவின் காயோ உருண்டை. சென்டிஃபோலியாவில் பூவின் கனத்தால் காம்பு வளைந்து தலை தொங்கும், இலை பெரிதாக, தடித்த பற்களோடு தளர்ந்து நிற்கும், காய் பிடிப்பது அரிது.

மாஸ் ரோஜாவுக்குக் கண்ணைவிட விரல் உதவும். புல்லியிலும் காம்பிலும் அடர்ந்த பாசி போன்ற வளர்ச்சியைத் தேய்த்து முகர்ந்தால் பிசின் மணம் வரும். பச்சையாக, மிருதுவாக, ஒட்டினால் சென்டிஃபோலியா வழி வந்தது. பழுப்பாக, விறைப்பாக இருந்தால் டமாஸ்க் வழி. புல்லி இதழ்களின் ஓரத்தில் மட்டும் கொண்டையாக இருந்து காம்பில் இல்லையென்றால் அது மாஸ் அல்ல, 'ஷாப்போ தெ நெப்போலியோன்'.

வெப்ப நாடுகளில் தேட வேண்டியவை

சைனா, டீ, நாய்செட், பூர்பன் ஆகிய நான்கும்தான் நம்மூர்களிலும் மலை நகரங்களிலும் பெரும்பாலும் கிடைக்கக்கூடியவை. அதனால் இவற்றை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

சைனா ரோஜாவுக்கு ஒரு நூல் சோதனை உண்டு. காலையில் அப்போதுதான் விரிந்த பூவின் காம்பில் நூல் கட்டிப் படம் எடுங்கள். மூன்றாம் நாள் அதே பூவை மறுபடி எடுங்கள். ஐரோப்பிய ரோஜா வெயிலில் வெளிறும், சைனா கருக்கும். 'ஓல்ட் பிளஷ்' வெளிர் சிவப்பிலிருந்து அடர்ந்துகொண்டே போகும். 'ஆர்ச்டியூக் சார்லஸ்' வெளி இதழ்களிலிருந்து கருஞ்சிவப்பாகும். 'மியூடாபிலிஸ்' வெளிர் மஞ்சளில் விரிந்து, இளஞ்சிவப்பாகி, கருஞ்சிவப்பில் முடியும். செடி மெல்லிய குச்சிகளாகக் கிளைத்திருக்கும், தளிர் செம்பு நிறம், இலை வழவழப்பாக நுனி கூர்ந்திருக்கும், முட்கள் சில மட்டும், கொக்கியாக.

டீ ரோஜா அதன் பெரிய உறவு. தண்டு தடித்து, தளிர் கரும் ஊதாச் சிவப்பு, பூ பெரிது. காம்பு பூவைத் தாங்க மாட்டாமல் வளைவது டீயின் முத்திரை. பூ அதே அளவு, அதே நிறம், ஆனால் காம்பு விறைத்து நிமிர்ந்து நிற்கிறது என்றால் ஆரம்பகால ஹைப்ரிட் டீயாக இருக்கலாம். டீ ரோஜாக்களில் திடீர் மாற்றத்தால் பிறந்த இரட்டைகள் குழப்பும். 1893-இன் 'மாமன் கோஷே' இளஞ்சிவப்பு, 1896-இல் அதிலிருந்து வந்தது வெள்ளை 'மாமன் கோஷே'. குளிர்ந்த நாட்களில் வெள்ளையின் வெளி இதழ்களிலும் சிவப்புச் சாயல் ஏறும். வெயில் மாதத்தில் ஒருமுறை, குளிர் மாதத்தில் ஒருமுறை பார்த்த பிறகே முடிவு சொல்லுங்கள். இலை, முள், வளர்ச்சி மூன்றும் இரண்டிலும் ஒன்றே என்பதால் அங்கே தேடிப் பயனில்லை.

நாய்செட் அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் பகுதியில், சைனா ரோஜாவும் மஸ்க் ரோஜாவும் சேர்ந்ததில் தொடங்கியது. சிறு பூக்கள் பெருங்கொத்தாக, கிராம்பு கலந்த மணத்தோடு வந்தால் அந்தப் பழைய வடிவம். டீயோடு கலந்த பின்னாளைய நாய்செட்டுகளில் பூ பெரிதாகி, கொத்து சிறுத்து, மஞ்சளும் சந்தனமும் நுழைந்தன. 'லமார்க்' (1830), 'ரேவ் தோர்' (1869) அந்த வகை.

பூர்பனுக்கு வந்தால் நம் பன்னீர் ரோஜாவைப் பேசாமல் இருக்க முடியாது. இந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் விற்கப்படுகின்றன. முக்கியமானவை இரண்டு: டமாஸ்க்கும் எட்வர்ட் ரோஜாவும். எட்வர்ட் என்பது ரீயூனியன் தீவின் 'ரோஸ் எதுவார்'. அந்தத் தீவின் பழைய பெயர் பூர்பன். வேலியாக நட்டிருந்த 'ஓல்ட் பிளஷ்' சைனாவும் இருமுறை பூக்கும் இலையுதிர்கால டமாஸ்க்கும் தாமாகக் கலந்து பிறந்தது இது. 1817-இல் அங்கே வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் ப்ரேயோன் இதைக் கவனித்து விதைகளைப் பாரிஸுக்கு அனுப்ப, ஐரோப்பாவின் பூர்பன் வகுப்பு அங்கிருந்து வளர்ந்தது. மாலைக்கும் உதிரிப்பூவுக்கும் நாம் வளர்க்கும் செடி ஒரு பெரிய வகுப்பின் தொடக்கத்தில் நிற்கிறது. இதற்கு உரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

பெற்றோர் இரண்டின் சாயலும் இருப்பதால் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இலையைத் தடவுங்கள். டமாஸ்க் மங்கலாக, அடியில் மயிரோடு இருக்கும், 'ஓல்ட் பிளஷ்' வழவழப்பாக இருக்கும், எட்வர்ட் இடைப்பட்டு லேசான மினுக்கோடு இருக்கும். தண்டில் நுண்முட்கள் அடர்ந்து கலந்திருந்தால் டமாஸ்க், கொக்கி முட்களே மிகுதியானால் எட்வர்ட். மணம் டமாஸ்க்கிலும் எட்வர்டிலும் அடர்த்தி, 'ஓல்ட் பிளஷ்'ஷில் மெல்லியது. பூக்கும் காலம் எல்லாவற்றையும்விட உறுதி: உத்தரப் பிரதேசத்தின் அத்தர் ரோஜா வயல்களில் டமாஸ்க் மார்ச், ஏப்ரலில் கொட்டித் தீர்த்துவிடும், எட்வர்ட் ஆண்டில் பலமுறை பூக்கும்.

போர்ட்லண்ட் வகுப்பை எட்வர்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். போர்ட்லண்டில் பூக்காம்பு மிகக் குட்டை. பூவுக்கு நேர் கீழே இலைகள் கழுத்துப்பட்டை போலச் சூழ்ந்திருக்கும். 'ரோஸ் த ரெஷ்ட்' இதற்கு நல்ல உதாரணம். நர்சரிகளில் 'ஜாக் கார்த்தியே' என்றும் 'மார்கேசா பொச்செல்லா' என்றும் விற்கப்படுவது பெரும்பாலும் ஒரே செடி. பட்டியலில் இரண்டு பெயர் இருப்பதால் இரண்டு ரோஜா இருப்பதாக எண்ண வேண்டாம்.

ஹைப்ரிட் பெர்பெச்சுவல் கலப்பு மிகுந்த வகுப்பு, ஒரே அடையாளம் சொல்ல முடியாது. ஆள் உயரத் தடித்த நேர்த்தண்டு, மிகப் பெரிய பூ, முதல் பூப்புக்குப் பிறகு ஆங்காங்கே சில பூக்கள் மட்டும் என்றால் அங்கே தேடுங்கள். 'பால் நெய்ரோன்' (1869) பூவின் அளவாலும், 'ஃப்ராவ் கார்ல் துருஷ்கி' (1901) மணமே இல்லாத தூய வெள்ளையாலும் தனித்து நிற்கும்.

பெயரிடுவதற்கு முன்

வகுப்பு தெளிவான பிறகு அந்த வகுப்புக்குள் மட்டும் பெயர் தேடுங்கள். உங்கள் குறிப்பில் உள்ள ஒவ்வொரு அடையாளமும் பொருந்த வேண்டும். ஒன்பது பொருந்தி, முள் மட்டும் பொருந்தவில்லை என்றால் பெயர் தவறு. ஜெர்மனியின் சாங்கர்ஹவுசன், பாரிஸ் அருகே லே-லே-ரோஸ் போன்ற பெருந்தொகுப்புகளின் படங்களோடு ஒப்பிடலாம், ஆனால் தொகுப்புகளிலும் பெயர்ப்பலகை மாறியிருப்பதுண்டு. டிஎன்ஏ சோதனைக்கும் இதே கட்டுப்பாடு: ஒப்பிடும் மாதிரியின் பெயர் தவறானால் முடிவும் தவறாகவே வரும். பெயர் உறுதியான செடியின் போத்தையும் (நடுவதற்காக வெட்டிய தண்டுத்துண்டு) உங்கள் செடியின் போத்தையும் ஒரே மண்ணில் பக்கத்தில் பக்கத்தில் நட்டு இரண்டு ஆண்டு பார்ப்பதே நம்பகமானது.

உரிமையாளரிடம் கேட்டுப் போத்து எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். மதில் இடித்தால் செடியும் போய்விடும். பூத்து முடிந்த தண்டில் பென்சில் கனத்தில் 15 முதல் 20 செ.மீ. வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்குமாறு மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த தொட்டியில் ஊன்றி நிழலில் வையுங்கள். சைனா, டீ, நாய்செட் எளிதில் வேர்விடும். கேலிகா போத்தில் அடம்பிடிக்கும், அதைப் பக்கக் கன்றாகப் பிரித்தெடுப்பது மேல். பின்னாளில் ஒப்பிடுவதற்காக, பூவும் இலையும் உள்ள 30 செ.மீ. கிளை ஒன்றைச் செய்தித்தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி, முதல் வாரம் நாள்தோறும் தாளை மாற்றிக் காயவையுங்கள்.

பெயர் கிடைக்கவில்லையா? யூகித்த பெயரை ஒட்டாதீர்கள். கண்டெடுத்த இடத்தின் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் தற்காலிகப் பெயராக வைப்பது உலகெங்கும் பழைய ரோஜா சேகரிப்பவர்களின் வழக்கம். பெர்முடாவில் "ஸ்மித்ஸ் பாரிஷ்" போன்ற ரோஜாக்கள் ஊர்ப்பெயரோடே தலைமுறைகளாகக் காப்பாற்றப்பட்டன. தவறான பெயரோடு பத்து வீடுகளுக்குப் போத்து கொடுத்துவிட்டால் அதைத் திருத்துவது பின்னால் யாராலும் முடியாது. அலுமினியப் பட்டையில் பென்சிலால் அழுத்தி எழுதுங்கள், ஸ்கெட்ச் பேனா மை வெயிலில் அழிந்துவிடும். பட்டையைத் தண்டில் கட்டினால் தண்டு பருக்கும்போது கம்பி இறுக்கும், அதனால் தனிக் குச்சியில் கட்டுங்கள். தோட்டத்தின் வரைபடம் ஒன்றிலும் செடியின் இடம், தற்காலிகப் பெயர், போத்து எடுத்த ஊர், தேதி நான்கையும் குறித்து வையுங்கள்.